பத்திரம் உண்டு, பாத்தியம் உண்டா?

2025 செப்டம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் 150 கோடி டாலர் கொடுத்து ஒரு வழக்கை முடித்துக்கொள்ள முன்வந்தது. திருட்டு நூலகத் தளங்களிலிருந்து அது இறக்கி வைத்திருந்த புத்தகங்களுக்கான தொகை அது. புத்தகம் ஒன்றுக்கு ஏறத்தாழ 3,000 டாலர். அதற்குச் சில மாதம் முன்பு அதே வழக்கில் நீதிபதி வில்லியம் ஆல்சப் விஷயத்தை இரண்டாகப் பிரித்திருந்தார். காசு கொடுத்து வாங்கிய புத்தகத்தை வைத்து ஏஐ மாடலுக்குப் பயிற்சி கொடுத்தது நியாயமான பயன்பாடு என்றார். திருட்டுப் பிரதிகளைக் குவித்து நூலகம் கட்டியதற்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது என்றார்.

பிளாக்செயின் தரப்புக்கு இதைவிட நல்ல விளம்பரம் கிடைக்காது. அவர்கள் சொல்வது இது: ஒவ்வொரு படைப்பும் யாருடையது, எந்த நிபந்தனையில் ஏஐக்குத் தரலாம், என்ன விலை என்பதையெல்லாம் யாரும் பின்னால் திருத்த முடியாத ஒரு பொதுப் பேரேட்டில் பதிந்துவிடலாம். ஏஐ நிறுவனம் அங்கே வந்து உரிமம் வாங்கட்டும். பணம் ஸ்மார்ட் காண்ட்ராக்ட் என்ற தானியங்கி நிரல் வழியாக நேரே படைப்பாளி கணக்குக்குப் போகட்டும். நடுவில் ஏஜென்ட் வேண்டாம், சங்கம் வேண்டாம், வக்கீலும் வேண்டாம்.

நோய் உண்மையான நோய்தான், அதில் சந்தேகமில்லை. 2023-இல் ‘டேட்டா ப்ராவனன்ஸ் இனிஷியேட்டிவ்’ என்ற ஆய்வுக்குழு, ஏஐ பயிற்சிக்குப் புழங்கும் 1,800-க்கு மேற்பட்ட தரவுத்தொகுப்புகளைத் தணிக்கை செய்தது. அவற்றை வைத்திருக்கும் பிரபலத் தளங்களில் 70 விழுக்காட்டுக்கு மேல் உரிம விவரமே இல்லை. இருந்தவற்றிலும் பாதிக்கு மேல் தப்பு. எங்கிருந்து வந்தது, யார் கொடுத்தது, எதற்குக் கொடுத்தது என்று தெரியாத சரக்கில்தான் இந்தத் தொழிலே நடக்கிறது. பிளாக்செயின் இதற்கு மருந்தா என்பதுதான் கேள்வி.

எடுத்துக்காட்டுக்கு ஸ்டோரி புரோட்டகாலைப் பார்க்கலாம். இந்தத் துறையில் அதிகப் பணம் திரட்டிய முயற்சிகளில் ஒன்று. 2024 ஆகஸ்டில் ஆண்ட்ரீசன் ஹோரோவிட்ஸின் கிரிப்டோ பிரிவு முன்னின்ற சுற்றில் 8 கோடி டாலர் திரட்டியது. 2025 பிப்ரவரியில் அதன் சங்கிலி, அதாவது பிளாக்செயின், ஓடத் தொடங்கியது. வேலை செய்யும் விதம் எளிது. உங்கள் கதையையோ படத்தையோ பாட்டையோ ஓர் என்எஃப்டியாக, அதாவது சங்கிலியில் தனி அடையாளமுள்ள ஒரு டோக்கனாக, பதிகிறீர்கள். அதோடு ஓர் உரிமப் பத்திரம் இணைகிறது: வணிகத்துக்குப் பயன்படுத்தலாமா, இதை வைத்து வேறொன்றைச் செய்யலாமா, வருவாயில் எத்தனை விழுக்காடு எனக்கு. உங்கள் படைப்பிலிருந்து ஒருவர், அவருடையதிலிருந்து இன்னொருவர் என்று கிளை விட்டுப் போனாலும் ராயல்டி தானாக மேலேறி வரும்படி நிரல் எழுதியிருக்கிறார்கள். பொறியியலாகப் பார்த்தால் கெட்டிக்கார வேலை.

ஆனால் அந்த உரிமத்தின் விதிகளைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். விழுக்காடு, கட்டணம், காலாவதி போன்ற எண்கள் சங்கிலிக்குள் இருக்கின்றன. அவற்றை நிரலே அமல்படுத்தும். ‘இதை ஏஐ மாடலுக்குப் பயிற்சி கொடுக்கப் பயன்படுத்தலாமா’ என்ற வரி எங்கே இருக்கிறது? எந்த நாட்டில் செல்லும், பெயர் குறிப்பிட வேண்டுமா, எந்த நாட்டுச் சட்டம் என்பவற்றோடு சேர்ந்து, சங்கிலிக்கு வெளியே உள்ள நிபந்தனைகளின் பட்டியலில். அதாவது எங்கோ ஒரு கோப்பில் ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்று ஒரு சொல். சங்கிலியில் அந்தக் கோப்பின் முகவரி மட்டும். அதைப் படித்துக் கட்டுப்படுவது வாங்குபவரின் மனசாட்சியைப் பொறுத்தது; கட்டுப்படாவிட்டால் கோர்ட்டுக்குப் போக வேண்டும். எந்தக் கேள்விக்காக இவ்வளவு ஏற்பாடும் செய்ததாகச் சொல்கிறார்களோ, அந்தக் கேள்வி மட்டும் பழைய ஒப்பந்தக் காகிதமாகவே நிற்கிறது. ஸ்டோரியின் பொறியாளர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒரு மாடல் எங்கே, எதைத் தின்று வளர்ந்தது என்பது எந்தச் சங்கிலிக்கும் தெரியாது. தெரியாததை அது அமல்படுத்தவும் முடியாது.

இதைவிட அடிப்படையான ஓட்டை ஒன்று இருக்கிறது. பதிகிறவர் உண்மையிலேயே உரிமையாளரா?

நிலம் வாங்கிய யாருக்கும் இது புரியும். பத்திரம் பதிந்துவிட்டதால் மட்டும் நிலம் விற்றவருடையது என்று ஆகிவிடாது. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், தமிழ்நாட்டுப் பதிவு விதி 55ஏ-யின் முதல் உட்பிரிவைச் செல்லாது என்றது. மூலப் பத்திரம், வில்லங்கச் சான்று எல்லாம் காட்டாவிட்டால் பதிய மறுக்கலாம் என்றது அந்த விதி. விற்பவருக்குப் பாத்தியம் இருக்கிறதா என்று ஆராய்வது சார்பதிவாளர் வேலையல்ல என்பது நீதிமன்றத்தின் நிலை. பிளாக்செயினும் அப்படி ஒரு சார்பதிவாளர்தான், இன்னும் கண்டிப்பானது. கொடுத்ததை அப்படியே வாங்கிப் பதியும், பிறகு அழிக்க விடாது. பொய்யைப் பதிந்தால் அது திருத்த முடியாத பொய்.

இது வெறும் பயம் இல்லை, நடந்த கதை. என்எஃப்டி சந்தையான ஓப்பன்சீ, கட்டணமில்லாமல் பதியும் வசதி ஒன்றைக் கொடுத்திருந்தது. 2022 ஜனவரியில் அதுவே ஒப்புக்கொண்டது: அந்த வசதியில் உருவானவற்றில் 80 விழுக்காட்டுக்கு மேல் திருட்டு, போலி அல்லது குப்பை. இத்தனைக்கும் விற்பனையாகிச் சங்கிலி ஏறிய ஒவ்வொன்றும் பிசகில்லாத பிளாக்செயின் பதிவு. எந்த நொடியில் யார் கணக்கிலிருந்து பதிந்தது என்பதில் ஓர் எழுத்து மாறாது. வரைந்தவர் யார் என்பதில்தான் பொய்.

தமிழ்த் திரைப்பாட்டை எடுத்துக்கொண்டால் சிக்கல் முழுசாகத் தெரியும். ஒரு பாட்டை ஏஐ பயிற்சிக்குக் கொடுக்கும் உரிமை தயாரிப்பாளருக்கா, இசையமைப்பாளருக்கா, பாடலாசிரியருக்கா, ஒலிநாடா கம்பெனிக்கா? குரல் பாடகருடையதாயிற்றே? இளையராஜாவுக்கும் எக்கோ நிறுவனத்துக்கும் நடுவே 4,500-க்கு மேற்பட்ட பாடல்கள் பற்றிச் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் வழக்கு நடந்துவருகிறது. பழைய ஒப்பந்தக் கடிதங்கள், அவற்றின் வாசகம், அந்தக் காலத்துக் காப்புரிமைச் சட்டம் என்று தோண்டித்தான் தீர்க்க வேண்டிய விஷயம். இரு தரப்பும் நாளைக்கே ஆளுக்கொரு சங்கிலியில் அதே பாட்டைப் பதிந்துகொள்ளலாம், எதுவும் தடுக்காது. ஸ்டோரியில் பிணக்கு தீர்க்க ஒரு வழி வைத்திருக்கிறார்கள்: புகார் செய்பவர் முன்பணம் கட்ட வேண்டும், மறுப்பு வந்தால் வேறொரு திட்டத்தின் டோக்கன் வைத்திருப்பவர்கள் ஓட்டுப் போடுவார்கள். முதல் உரிமையாளர் யார் என்று சொல்லும் காப்புரிமைச் சட்டப் பிரிவு 17-க்கு டோக்கன்காரர்கள் ஓட்டுப் போட்டு விளக்கம் சொல்லும் காட்சியை நினைத்தால் சிரிப்புத்தான் வருகிறது. சிரிப்பு அடங்கியதும், முன்பணம் கட்ட முடியாத ஏழைப் பாடலாசிரியரின் நினைப்பு வருகிறது.

இங்கே ஆந்த்ரோபிக் வழக்குக்குத் திரும்பினால் ஒன்று பளிச்சென்று தெரியும். இறக்கிய பிரதிகள் 70 லட்சத்துக்கு மேல். பணம் பெறும் பட்டியலில் தேறியவை 5 லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. ஒரே நூலின் பல பிரதிகளைக் கழித்த பிறகு, வடிகட்டியது எது? நூலுக்கு ஐஎஸ்பிஎன் போன்ற எண் இருக்க வேண்டும். அமெரிக்கக் காப்புரிமை அலுவலகத்தில் உரிய காலத்துக்குள் பதிந்திருக்க வேண்டும். பதிவேடு முக்கியமில்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆயிரக்கணக்கான டாலர் யாருக்குப் போகும் என்பதை ஒரு பதிவேடுதான் தீர்மானித்தது. ஆனால் அது பழங்காலத்து அரசாங்கப் பதிவேடு. அதில் பெயர் இருந்தால் நஷ்ட ஈடு கேட்கலாம் என்று சட்டம் சொல்வதால் அதற்கு விலை வந்தது. அந்தச் சட்ட பலம் இல்லாத பேரேட்டில் எவ்வளவு கணிதம் இருந்தாலும் அது நினைவுக் குறிப்புத்தான்.

பயன்படுத்தினார்களா என்பதை நிரூபிக்கும் பிரச்சினையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் பிளாக்செயின் அதில் தலையிடவே இல்லை. பயிற்சி நடப்பது கம்பெனியின் சொந்தத் தரவு மையத்தில். ‘இதை வாங்கினேன்’ என்று சங்கிலியில் காட்டலாம். ‘வாங்காத எதையும் எடுக்கவில்லை’ என்று காட்ட வழியில்லை. பயிற்சியின் இடைநிலைகளைச் சேமித்து வைத்து, பிறகு ஒருவர் சரிபார்க்கும் முறைகளை ஆய்வாளர்கள் முன்வைத்திருக்கிறார்கள். அதற்கும் கம்பெனி கதவைத் திறந்துவிட வேண்டும். திறக்க வைப்பது சட்டம். ஐரோப்பிய ஒன்றியத்தின் ஏஐ சட்டப்படி 2025 ஆகஸ்ட் 2 முதல் புதிதாக வரும் பொதுப் பயன்பாட்டு மாடல்களுக்குப் பயிற்சித் தரவின் சுருக்கத்தை வெளியிட வேண்டும். போதாத விதிதான், ஆனாலும் எந்த டோக்கனும் செய்யாததை அது செய்கிறது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. சோலானா சங்கிலியில் இயங்கும் கிராஸ் என்ற திட்டம், சும்மா கிடக்கும் உங்கள் வீட்டு இணைய இணைப்பை வாடகைக்கு எடுத்து, அதன் வழியாக இணையப் பக்கங்களைச் சுரண்டி ஏஐக்குத் தருகிறது. உங்களுக்கு டோக்கன் கிடைக்கும். எந்தப் பக்கம் எப்போது எடுக்கப்பட்டது என்பதைச் சங்கிலியில் நிரூபிக்கலாம் என்பது அவர்களுடைய பெருமை. அந்தப் பக்கத்தை எழுதியவருக்கு? ஒன்றும் கிடையாது. கேட்காமல் எடுத்ததற்குக் கச்சிதமாகக் கணக்கு எழுதி வைப்பதும் பிளாக்செயினால் முடியும்.

பணத்துக்கு வருவோம், ஆசை காட்டுவது அதுதானே. 2024 தொடக்கத்தில் ரெட்டிட் தன் பயனர்கள் எழுதியதைக் கூகுளுக்கு ஆண்டுக்கு 6 கோடி டாலருக்குக் கொடுத்ததாகச் செய்தி வந்தது. எழுதியவர்களுக்குப் பைசா இல்லை. கோபம் நியாயமானது. அந்தக் கோபத்தில் வானா என்ற பிளாக்செயின் நிறுவனம் ‘ரெட்டிட் டேட்டா டாவ்’ ஒன்றைத் தொடங்கியது: உங்கள் கணக்கின் தரவை ரெட்டிட்டிடமிருந்து கேட்டு வாங்கி இங்கே ஏற்றுங்கள், உங்கள் பங்களிப்புக்கு ஏற்ப டோக்கன் தருகிறோம், எல்லோரும் சேர்ந்து விலை பேசலாம். ரெட்டிட் எரிச்சலடைந்து, அதற்காகத் திறந்த விவாதக் குழுவைத் தன் தளத்தில் மூடியது. எனக்கு இந்த முயற்சியின் மேல் மரியாதை உண்டு. சிதறிக் கிடப்பவர்கள் ஒன்றுகூடி விலை பேசுவது தொழிற்சங்க மரபு. ஆனால் இதில் எது வேலை செய்தது என்று பார்க்க வேண்டும். ‘என் தரவை என்னிடம் கொடு’ என்று கேட்கும் உரிமையை ஐரோப்பாவின், கலிஃபோர்னியாவின் தனியுரிமைச் சட்டங்கள் கொடுத்திருக்கின்றன. அந்தச் சட்டம்தான் நெம்புகோல். டோக்கன் அதற்குப் பூசிய வண்ணம்.

சரி, வெற்றி பெற்றார்கள் என்றே வைத்துக்கொள்வோம். 6 கோடி டாலரும் பயனர்களுக்கே வருகிறது. அந்தச் சமயத்தில் ரெட்டிட்டின் தினசரிப் பயனர் எண்ணிக்கை 7.31 கோடி. வகுத்தால் தலைக்கு ஆண்டுக்கு 82 சென்ட், அன்றைய மாற்று மதிப்பில் 70 ரூபாய்க்குள். இந்த எழுபது ரூபாய்க்காக ஒருவர் தனிச்சாவி வைத்து, வாலட் திறந்து, டோக்கனை மாற்றி, வரிக்கணக்கும் காட்ட வேண்டும். சில்லறைத் தொகையை மலிவாக அனுப்ப முடியும் என்பது பிளாக்செயினின் வாதம். அது இன்று ஓரளவு உண்மையும்கூட. அனுப்பும் கூலி குறைந்தாலும் சில்லறை சில்லறையாகத்தானே இருக்கிறது.

புத்தகத்தில் இது இன்னும் மோசம். மெட்டாவின் லாமா 3, 15 லட்சம் கோடி டோக்கன்களில் பயிற்சி பெற்றது (இது நாணய டோக்கன் இல்லை, சொல்லின் துண்டு). ஒரு லட்சம் சொல் உள்ள ஆங்கில நாவல் சுமார் 1.3 லட்சம் துண்டு. மொத்தத்தில் அதன் பங்கு ஏறக்குறைய 11.5 கோடியில் ஒன்று. மாடல் ஒரு பதில் சொல்லும்போது அதில் இந்த நாவலின் பங்கு எவ்வளவு என்று கண்டுபிடித்து அப்போதைக்கப்போது ராயல்டி கொடுப்பதாகத்தான் சில திட்டங்கள் விளம்பரம் செய்கின்றன. தரவு ஒவ்வொன்றின் பங்கை அளக்கும் கணித முறைகள் ஏடுகளில் இருக்கின்றன. இந்த அளவுள்ள மாடலில் நம்பி காசோலை எழுதுமளவுக்கு அவை வளரவில்லை. அளக்க முடியாததைத் தானாகப் பங்கிடும் நிரல், உள்ளே போட்ட ஊகத்தைத்தான் பங்கிடும்.

சந்தையும் இதைப் புரிந்துகொண்டுவிட்டது. 2024 நவம்பரில் ஹார்ப்பர் காலின்ஸ் தன் எழுத்தாளர்களிடம் கொண்டுவந்த ஏஐ உரிமத்தில் நூலுக்கு 5,000 டாலர், அதில் எழுத்தாளருக்குப் பாதி, மூன்றாண்டுக் காலம். மொத்தமாக ஒரு தொகை, ஒரு கையெழுத்து. நியாயமான தொகையா என்று எழுத்தாளர்கள் சண்டை போட்டார்கள், போட வேண்டியதுதான். ஆனால் நொடிக்கு நொடி கணக்குப் பார்க்கும் பேரேடு அங்கே எதற்கும் தேவைப்படவில்லை.

டோக்கனில் இன்னொரு தீங்கு. தரவு கொடுத்தவருக்குக் கூலி சந்தை விலை ஏறி இறங்கும் நாணயத்தில் வருகிறது. ஆக அவர் எழுத்தாளரா, சூதாட்டக்காரரா என்பது அவருக்கே தெரியாமல் போகிறது. தரவை வாங்க ஆள் வருவதற்கு முன்பே டோக்கனை வாங்க ஆள் வந்துவிடுகிறார். திட்டத்தின் வெற்றியை உரிமம் எத்தனை விற்றது என்று பார்க்காமல் நாணயத்தின் விலையில் பார்க்கத் தொடங்குகிறார்கள். ஒரு தரவுச் சந்தையை எடைபோட அதில் ஏஐ நிறுவனங்கள் கொடுத்த பணம் எவ்வளவு என்று மட்டும் கேளுங்கள். எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பதிவு ஏறியது என்ற எண்களைத்தான் பெரும்பாலும் நீட்டுவார்கள்.

அழிக்கும் உரிமையைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஐரோப்பாவின் ஜிடிபிஆரும் நம் 2023 தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் ‘என் தரவை நீக்கு’ என்று கேட்கும் உரிமையைத் தருகின்றன. நீக்க முடியாமை பிளாக்செயினின் பிறவிக்குணம். தரவை வெளியே வைத்து, அதன் கைரேகை போன்ற எண்ணான ஹேஷை மட்டும் உள்ளே வைக்கிறோம் என்பது பதில், ஏற்கலாம். அப்படியானால் தரவு ஒரு சாதாரண சர்வரில்தான் இருக்கிறது, அதை நடத்துபவரைத்தான் நம்ப வேண்டும் என்பதையும் சேர்த்து ஏற்க வேண்டும்.

இனி, வரவுப் பக்கம். ஒரு கோப்பு இன்ன தேதியில் இந்த வடிவில் இருந்தது என்று காட்ட ஹேஷைச் சங்கிலியில் வைப்பது நல்ல ஏற்பாடு. நாளைக்கு ‘இது ஏஐ எழுதியது’ என்று யாராவது சொன்னால், அந்த மாடல் வருவதற்கு முன்பே இது இருந்தது என்று காட்ட உதவும். ஆனால் இந்த யோசனை பிட்காயினுக்கு மூத்தது. ஸ்டூவர்ட் ஹேபரும் ஸ்காட் ஸ்டோர்னெட்டாவும் 1991-இல் இதை எழுதினார்கள். அவர்களுடைய ஷ்யூரிட்டி நிறுவனம் 1995 முதல் வாராவாரம் ஆவணங்களின் கூட்டு ஹேஷை நியூயார்க் டைம்ஸின் வரி விளம்பரப் பகுதியில் அச்சிட்டது. அத்தனை நூலகங்களில் இருக்கும் செய்தித்தாளை யாரால் திருத்த முடியும்? நாணயம் எதுவும் வெளியிடாமல் வேலை நடந்தது.

சம்மதத்தோடு தரவு சேர்ப்பதும் பிளாக்செயின் இல்லாமலே நன்றாக நடக்கிறது. கார்யா என்ற இந்திய அமைப்பு கிராமத்தாரிடம் அவர்கள் மொழியில் பேச்சுப் பதிவு வாங்கி, மணிக்கு 5 டாலர் அளவில் கூலி கொடுக்கிறது. அந்தத் தரவு மறுபடி விற்றால் பேசியவருக்கு மறுபடி பணம். சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் குழு இண்டிக்வாய்சஸ் தொகுப்புக்காக 145 மாவட்டங்களில் 16,237 பேரிடம், தமிழ் உட்பட 22 மொழிகளில் நேரில் போய்ப் பேச்சைச் சேர்த்தது. 2024-இல் ‘லால் சலாம்’ படத்தின் ‘திமிறி எழுடா’ பாட்டுக்கு மறைந்த பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவரின் குரலை ஏஐயில் மீட்டபோது, ஏ.ஆர். ரஹ்மான் இரு குடும்பத்தாரிடமும் அனுமதி பெற்று ஊதியமும் கொடுத்ததாகச் சொன்னார். மூன்றிலும் இருப்பது ஆள் தெரிந்து கேட்டது, தெளிவாகப் பேசியது, பணம் கொடுத்தது. இதைச் செய்ய மனமிருப்பவருக்குச் சாதாரண டேட்டாபேஸ் போதும். மனமில்லாதவரைச் சங்கிலி கட்டாது.

பிளாக்செயினுக்காகச் சொல்லக்கூடிய வலுவான வாதம் ஒன்று மிச்சம் இருக்கிறது, அதைத் தட்டிக்கழிக்க முடியாது. நடுவில் இருக்கும் சங்கங்களை ஏன் நம்ப வேண்டும்? இந்தியத் திரையிசையில் ராயல்டி வசூலித்த சங்கத்தின் மேல் கவிஞர்களும் இசையமைப்பாளர்களும் எத்தனை ஆண்டு புகார் சொன்னார்கள். 2012-இல் சட்டத்தையே திருத்த வேண்டியிருந்தது; அந்தச் சங்கமான ஐபிஆர்எஸ் 2017-இல்தான் மறுபடி காப்புரிமைச் சங்கமாகப் பதிவு பெற்றது. வசூலித்தது எவ்வளவு, கொடுத்தது எவ்வளவு என்று யாரும் பார்க்கும்படி ஒரு பேரேடு இருந்திருந்தால் அந்தப் புகார்களில் பாதி எழுந்திருக்காது.

இது இப்போது அவசரக் கேள்வியாகவும் ஆகிவிட்டது. 2025 டிசம்பரில் மத்திய அரசின் தொழில், உள்நாட்டு வர்த்தக மேம்பாட்டுத் துறை ஒரு பணி அறிக்கை வெளியிட்டது. ஏஐ பயிற்சிக்குக் கட்டாய உரிமம் என்பது அதன் முன்மொழிவு: படைப்பாளி மறுக்க முடியாது, கம்பெனி வருவாயில் ஒரு பங்கைக் கட்ட வேண்டும், ஒரு மைய அமைப்பு வசூலித்துப் பங்கிடும். இது சட்டமானால், ஒவ்வொருவரும் தன் நிபந்தனையைத் தானே வைக்கலாம் என்ற பிளாக்செயின் கனவு இந்தியாவைப் பொறுத்தவரை அங்கேயே முடிந்தது. மறுக்கும் உரிமையே இல்லாதபோது நிபந்தனை எழுதிய டோக்கனை என்ன செய்வது?

ஆகவே என் தீர்ப்பு இது. தரவைத் தேடிப் பெறவும் உரிமம் வழங்கவும் பிளாக்செயின் ஏற்ற கருவி இல்லை; உரிமையாளர் யார், பயன்படுத்தினார்களா, பங்கு எவ்வளவு என்ற மூன்றிலும் அது வெளியிலிருந்து பதில் வாங்கித்தான் பதிகிறது. டோக்கன் வெளியிடும் திட்டங்களில் எழுத்தாளர்களும் கலைஞர்களும் தங்கள் படைப்பைப் பதிய வேண்டாம் என்றே சொல்வேன். முதலில் காப்புரிமை அலுவலகத்தில் பதியட்டும், ஒப்பந்தக் கடிதங்களைப் பத்திரப்படுத்தட்டும். பேரேட்டின் திருத்த முடியாத தன்மை உண்மையில் பயன்படும் இடம் வேறு: பணம் வசூலிக்கும் அந்த மைய அமைப்பின் கணக்குப் புத்தகம். எந்தக் கம்பெனி எவ்வளவு கட்டியது, எந்த மொழிக்கு, எந்தப் படைப்புக்கு எவ்வளவு போனது என்ற பட்டியலை மாதாமாதம் வெளியிட்டு, அதன் ஹேஷை அரசிதழில் அச்சிட வேண்டும் என்று சட்டத்திலேயே ஒரு பிரிவு வைக்கச் சொல்லலாம். ஷ்யூரிட்டி வரி விளம்பரத்தில் செய்ததற்குமேல் இதற்குத் தொழில்நுட்பம் ஒன்றும் வேண்டியதில்லை.